விலக்கி வைத்தால் அந்தத் தம்பி எங்கே போவார்?

கேள்வி:

அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றில் ஆறு வருடங்களாகப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவராக இருக்கிறேன். கடந்த மாதம் எங்கள் மஹல்லாவை (பள்ளிவாசல் சார்ந்த குடியிருப்பை) சேர்ந்த ஒரு தாய் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து அழுதார். அவருடைய மூத்த மகனுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்கவில்லை. வாப்பா கத்தாரில் சாரதியாக வேலை செய்கிறார். சில மாதங்களாக மகன் இரவு முழுவதும் கைப்பேசியோடு இருக்கிறான். எங்கள் இமாமை முனாஃபிக் (நயவஞ்சகர்) என்கிறான். ஜும்ஆவுக்கு வருவதில்லை, நண்பர் இருவரோடு வேறொரு வீட்டில் தொழுகிறான். தமிழர் கடையில் உம்மா சாமான் வாங்கினால்கூடச் சண்டை பிடிக்கிறான். சபையில் ஒரு பகுதியினர் அவனை விலக்கி அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்கிறார்கள். மறுபகுதியினர் பொலிஸில் சொல்லிவிட்டுக் கைகழுவ வேண்டும் என்கிறார்கள். பாங்கு சொல்லும் எங்கள் மோதினார் மட்டும், ஒவ்வொரு நோன்பிலும் தன்னோடு கஞ்சி காய்ச்ச வந்த பிள்ளை என்றும், தான் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். அவர் அதிகம் படிக்காதவர் என்பதால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்குள் முடிவெடுக்க வேண்டும். சொன்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகும். சொல்லாமல் விட்டு ஏதும் நடந்தால் அல்லாஹ்விடமும் ஊரிடமும் நான் என்ன பதில் சொல்வேன்?

பதில்:

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

அறிவித்தலை ஒட்ட வேண்டாம். ஏனைய விடயங்களைப் பேசுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன், ஏனெனில் வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

உங்கள் சபையின் இரண்டு பகுதியினரும் சொல்கிற இரண்டு வழிகளும் மட்டக்களப்புக்கு அருகிலுள்ள காத்தான்குடியில் ஏற்கெனவே நடந்து பார்த்தவை. 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாசிம் சிறு வயதில் சேர்ந்த அரபுக் கல்லூரி, ஆசிரியர்களோடு முரண்பட்டதற்காகப் படிப்பு முடியும் முன்பே அவரை வெளியேற்றியது. அதன் பிறகு போதனை செய்த பள்ளிவாசலிலும் அவர் நிலைக்கவில்லை. பின்னர் தமக்கென்று தேசிய தௌஹீத் ஜமாஅத் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2017 மார்ச் 10 அன்று சூஃபி வழியினரோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு பொலிஸார் தேடத் தொடங்கியதும் அவர் தலைமறைவானார். அதற்குப் பின் ஒரு கைப்பேசியே அவருக்குப் பள்ளிவாசலாகவும் மிம்பராகவும் போதுமாக இருந்தது. மறுபுறத்தில் ஊர் மக்கள் வாய்மூடி இருக்கவும் இல்லை. அவருக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்தார்கள், முறைப்பாடு கொடுத்தார்கள். முஸ்லிம் தலைவர்கள் பாதுகாப்புத் தரப்பினரை முன்கூட்டியே எச்சரித்தார்கள். அதன் பின்னும் 2019 ஏப்ரல் 21 அன்று அவருடைய குழுவின் குண்டுகளால் மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். கிடைத்த எச்சரிக்கைகளின் பேரில் நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது.

கல்லூரி அவரை வெளியேற்றியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நிறுவனத்துக்குத் தன் ஒழுங்கைக் காக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு கதவும் தன் பங்குக்கு மூடிய பிறகு, வெளியே நின்ற அந்த இளைஞரின் பின்னால் போய்ப் பேசுவது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. முறைப்பாடு கொடுத்தவர்களும், கொடுத்ததோடு தங்கள் கடமை முடிந்தது என்று நம்ப வேண்டியவர்களாக இருந்தார்கள். நீங்கள் கேட்ட ‘தலைவரின் பொறுப்பு’ அந்த இரண்டுக்கும் நடுவே, ஒருவரும் நிற்காத அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் தம்பியைச் சஹ்ரானோடு ஒப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் எழுதியவற்றுள் குற்றம் என்று எதுவும் இல்லை. தாடி வளர்ப்பது, கணுக்காலுக்கு மேல் உடுப்பது, பாட்டுக் கேட்பதை நிறுத்துவது, மௌலூதும் கந்தூரியும் வேண்டாம் என்பது, உங்கள் இமாமின் வழியை விட்டு வேறொரு வழியில் தொழுவது ஆகிய எதுவும் தீவிரவாதம் அல்ல. சபையில் இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக்குங்கள், ஏனெனில் கொள்கைச் சண்டையில் எதிர்த் தரப்பை ‘பயங்கரவாதி’ என்று பொலிஸில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் 2019க்குப் பிறகு சில ஊர்களில் வந்துவிட்டது; அது உண்மையான ஆபத்தை மறைக்கும் திரை. நான் கவலைப்படுவது வேறு இரண்டு விடயங்களைப் பற்றி. ஒன்று, இமாமை முனாஃபிக் என்பது: பக்கத்தில் நின்று தொழுகிறவனை மார்க்கத்துக்கு வெளியே தள்ளிப் பழகிய நாவுக்கு, அடுத்த படி அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை. மற்றது, தமிழர் கடை. உம்மா உப்பும் புளியும் வாங்குகிற கடையோடு பகை வந்திருக்கிறது என்றால், அவர் யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.

இதற்கு அப்பால், பார்த்தவுடன் தாமதிக்காமல் செயற்பட வேண்டிய அறிகுறிகள் உண்டு. கொலையை நியாயப்படுத்திப் பேசுவது, முகம் தெரியாத ஒருவருக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ததாகச் சொல்வது, காரணம் சொல்லாமல் பயணத்துக்கு ஆயத்தமாவது, இரசாயனப் பொருள்களைத் தேடுவது, கைப்பொருளையெல்லாம் கொடுத்துவிட்டு எல்லோரிடமும் மாஃப் (மன்னிப்பு) கேட்பது, பழைய கடன்களைத் திடீரென்று தீர்ப்பது. கடைசியில் சொன்னதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். 1980களின் நடுப்பகுதியில் என்னோடு படித்த ஒருவன், ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, என் தாயாரிடம் எப்போதோ வாங்கிய பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா இதற்கு என்ன அவசரம் என்று கேட்டார். அவன் சிரித்தான். அன்றிரவு அவன் ஆயுத இயக்கத்துக்குப் போய்விட்டான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பாடசாலை அதிபர் என்று ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அவன் போகப் போகிறான் என்பது முன்பே தெரிந்திருந்தது; சிலருக்குப் பெருமை, சிலருக்குப் பயம், ஒருவரும் அவனை இருத்திப் பேசவில்லை. இளைஞர்களை அப்படி எடுத்துக்கொண்ட இயக்கங்களுள் ஒன்றான விடுதலைப் புலிகள்தான் 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பெரியவர்களின் மௌனத்துக்கு உங்கள் மக்கள் விலை கொடுத்தார்கள் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் உண்டு. இளைஞர்களைத் தீவிரவாதத்திலிருந்து மீட்கும் இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கும் அதுவே காரணம்.

இனி, அவரோடு என்ன பேசுவது என்பதைச் சொல்கிறேன். மார்க்க விவாதத்தில் தொடங்காதீர்கள். அந்தக் கைப்பேசியில் அவர் என்ன பார்க்கிறார் என்பதை நான் ஓரளவு ஊகிக்க முடியும்: காஸாவின் பிள்ளைகள், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் எரிந்த கடைகள், கொவிட் காலத்தில் அரச உத்தரவின்படி, குடும்பத்தினர் கதறக் கதற எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள் (இறந்த முஸ்லிம்களின் உடல்கள்). பிறந்து 20 நாளே ஆன பாலகனைக்கூட எரித்தார்கள். அந்த நாட்களில் உங்கள் தம்பி பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்திருப்பார். அவருடைய கோபத்தில் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் தொடங்கும் எந்தப் பேச்சும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டாது. குத்பாவில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) இவற்றைப் பேச உங்கள் இமாம் தயங்குவார். யாரோ குறிப்பெடுக்கிறார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆயினும் பள்ளிவாசலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காத பிள்ளை, இதைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒருவரைக் கைப்பேசியில் கண்டதும், ஊரில் இல்லாத நேர்மை அவரிடம் இருப்பதாக நம்பிவிடுகிறது.

ஆகவே அநீதியைப் பெயர் சொல்லிப் பேசுங்கள், அதோடு அதற்கு எதிராக மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதோடு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அதே மாதத்தில் பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணியை நினைவூட்டிய அந்தத் துண்டுகளைக் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதன்பின் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டன. உறவினர்கள் வர முடியாத ஜனாஸாக்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் குழி தோண்டினார்கள். வேறு மதத்தவர் சிலரும் அதே மண்ணில் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பினால் எரிந்த உடல் திரும்பாது என்று தம்பி சொன்னால் அவர் சொல்வது சரி, மறுக்காதீர்கள். ஆனால் அந்த அனுமதியைப் பெற்றுத் தந்தவர்கள் யார், அந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் யார் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அவர்களில் ஒருவரை அழைத்து வந்து இளைஞர்களோடு இருத்திப் பேச வைக்க முடிந்தால், என் ஆலோசனையைவிட அது மேலானது.

மார்க்கக் கேள்விகள் பிறகு வரும், கட்டாயம் வரும். அப்போது பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் ஆலிம்களுக்கே உண்டு. ஆயினும் என்னோடு பணிபுரியும் மௌலவி ஒருவர் சொல்லித் தந்த வரலாறு ஒன்றை இங்கே எழுதத் துணிகிறேன், ஏனெனில் எங்கள் துறையின் பாடநூல்களில்கூட இவ்வளவு தெளிவாக இது இல்லை. கலீஃபா அலீ அவர்களை விட்டுப் பிரிந்து, அவரையே காஃபிர் என்று சொல்லி ஹரூரா என்ற இடத்தில் கூடியிருந்த கவாரிஜ்களிடம் நபித்தோழர் இப்னு அப்பாஸ் தனியாகப் போகிறார். நல்ல யமன் நாட்டு ஆடை உடுத்திப் போகிறார். அதையே அவர்கள் குறை சொல்கிறார்கள். அவர் கோபிக்கவில்லை. அலீயின் மீது உங்களுக்கு என்ன குறை என்று கேட்கிறார். மூன்று குறைகள் சொல்கிறார்கள். மூன்றையும் முழுமையாகக் கேட்ட பிறகுதான் வாய் திறக்கிறார். தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியதாயிருக்க மனிதர்களை நடுவராக்கினாரே என்பது முதலாவது குறை. கணவன் மனைவிக்கிடையே பிணக்கு வந்தால் இரு தரப்பிலிருந்தும் ஒரு நடுவரை அனுப்புங்கள் என்று குர்ஆனே சொல்கிறதல்லவா என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட நூலிலிருந்தே பதில் சொல்கிறார். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், இந்தக் குறை தீர்ந்ததா என்று கேட்டு, தீர்ந்தது என்று அவர்கள் சொன்ன பின்பே அடுத்ததற்குப் போகிறார். ஆயிரக்கணக்கானோர் அன்று திரும்பி வந்தார்கள் என்கின்றன அறிவிப்புகள். திரும்பாதவர்களும் இருந்தார்கள், பிற்காலத்தில் அலீ அவர்களை வெட்டியவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். இந்த இரண்டாவது பகுதியையும் உங்கள் சபையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இதே வேலையை ஆலிம்கள் 2003 முதல் செய்து வருகிறார்கள். ஜமாஆ இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் உறுப்பினர்கள் கைதான பிறகு, கதீஜா பள்ளிவாசலைச் சேர்ந்த உஸ்தாத் அலீ ஹாஜி முஹம்மதும் உஸ்தாத் முஹம்மத் ஹஸ்பி ஹஸனும் முன்னின்று தொண்டர் குழு ஒன்றை அமைத்தார்கள். பைஅத், ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக இடம்பெயர்தல்), ஜிஹாத் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து, கைதானவரோடு எதிரெதிரே இருந்து மாதக்கணக்கில், சிலரோடு வருடக்கணக்கில் பேசினார்கள். கைதானவர்களின் மனைவி மக்களைக் கவனிக்க வேறொரு குழு இருந்தது. அரசின் தடுப்புக்காவல் முறையோடு இணைந்து நடந்த வேலை அது. அந்தப் பகுதியை நம் நாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆலிம்கள் காட்டிய பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2020 டிசம்பரில் 16 வயதுக் கிறிஸ்தவ மாணவன் ஒருவன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனைப் பார்த்து, இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டதற்காகத் தடுத்து வைக்கப்பட்டான். இந்தச் செய்தியைத் தம்பியிடமும் சொல்லலாம். தனிமையும் திரையும் எந்த மார்க்கத்துப் பிள்ளைக்கும் இதைச் செய்யக் கூடும் என்பது அவருக்குத் தெரியட்டும்.

பொலிஸ் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அவசர அறிகுறிகளில் ஒன்றை நம்பத்தகுந்த விதத்தில் கண்டால், அந்த மணி நேரத்திலேயே அறிவியுங்கள். சபைக் கூட்டம் கூட்டிக் காத்திருக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 26 அன்று உங்கள் மாவட்டத்துச் சாய்ந்தமருதில், புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. படையினர் சுற்றிவளைத்தபோது நடந்த மோதலிலும் தற்கொலைக் குண்டுவெடிப்பிலும் அங்கே குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். வெளியே வந்து வெடித்திருந்தால் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய அறிகுறி இல்லாத நிலையில், ஒரு பிள்ளையின் கோபத்தையும் தொழும் முறையையும் மட்டும் காரணமாக வைத்து ஒப்படைப்பது வேறு விடயம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றப்பத்திரமின்றிப் பல மாதங்கள் தடுத்து வைக்க முடியும். தமிழ்க் கவிதைத் தொகுதி ஒன்றுக்காக 2020 மே மாதத்தில் கைதான இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? எனவே இடைப்பட்ட நிலையில் ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே ஆலோசனை கேளுங்கள். பார்த்ததை, பேசியதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள். வதந்தியையும் நேரில் கண்டதையும் கலக்காதீர்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போகும் நிலை வந்தால் பெற்றோரையும் சட்டத்தரணியையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் பெயர் கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ இனி வரக்கூடாது என்று சபையில் இன்றே சொல்லிவிடுங்கள்.

அந்த உம்மாவை மறந்துவிடாதீர்கள். கைப்பேசியைப் பறிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பறித்தால் வேறொன்று வரும், பேச்சு மட்டும் நின்றுவிடும். இரவில் எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, என்ன மகன் பார்க்கிறாய், எனக்கும் காட்டு என்று பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். கத்தாரிலுள்ள வாப்பாவோடு நீங்களே பேசுங்கள்: மகனைத் திட்டுவதற்காக அல்லாமல், ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் அவன் சொல்வதைக் கேட்பதற்காக அழைக்க வேண்டும், முடிந்தால் விடுமுறையை முன்கூட்டி எடுக்க வேண்டும். பரீட்சைத் தோல்வி, இரவுத் தூக்கமின்மை, வீட்டோடு ஒதுங்குதல் ஆகியவற்றைப் பார்க்கும்போது மனச்சோர்வு இருக்கவும் கூடும். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவையும் நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உம்மாவே அழைத்துப் பேசலாம். இதைப் பெரிதாக்காமல், தூக்கத்துக்கு வைத்தியரைப் பார்ப்போம் என்ற அளவில் தொடங்கினால் தம்பி வரக் கூடும்.

இன்னொன்று, சற்றுக் கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் முப்பது வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர்? கிழக்கில் நான் போய்ப் பார்த்த பல பள்ளிவாசல்களில் ஒருவருமில்லை. மழை வெள்ளத்தில் சோற்றுப் பொதி சுமக்கவும் பெருநாளுக்குப் பாய் விரிக்கவும் இளைஞர்களைக் கூப்பிடுகிறோம். கணக்குப் பார்க்கவும் தீர்மானம் எடுக்கவும் கூப்பிடுவதில்லை. இந்தத் தம்பிக்கும் அவருடைய இரு நண்பர்களுக்கும் உடனே பதவி கொடுங்கள் என்று சொல்லவில்லை. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்காக ஒரு சிறு குழு அமைத்து, அதற்கு உண்மையான பணமும் உண்மையான பொறுப்பும் கொடுத்தால், அடுத்த தம்பி உங்களிடம் வருவதற்கு முன் உங்களுக்கு ஓர் இடம் ஆயத்தமாக இருக்கும்.

முதலில் யார் போவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நீங்கள் போக வேண்டாம். தலைவர் வாசலில் வந்து நின்றால் அது விசாரணையாகத் தெரியும். இமாம் இப்போது போகவே கூடாது. உங்கள் மோதினாரை அனுப்புங்கள். சபை அவரைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் அந்தப் பிள்ளையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். அஸருக்குப் பிறகு, தனியாக, கையில் எந்தத் தூதும் இல்லாமல் போகட்டும். கஞ்சிக் கிடாரத்தைப் பற்றிப் பேசட்டும், அல்லது ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் அவன் என்ன சொன்னான் என்று சபையார் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்காதபடி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை போவாரா என்று மட்டும் கேளுங்கள். அவர் மூன்று முறை போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்; அடுத்து ஆலிம் ஒருவரை எப்படிச் சந்திக்க வைப்பது என்பதை அப்போது சேர்ந்து யோசிப்போம்.